ஜனாதிபதித் தேர்தலில் விசுவாசமும் வாக்கும்: இலங்கைக் கிறிஸ்தவ வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

2024 செப்டெம்பர் 15, தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, வயதான அம்மா ஒருவர், மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை எட்டாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதை விரித்தால் இரண்டடிக்கு மேல் நீளும். முப்பத்தொன்பது பெயர்கள், முப்பத்தொன்பது சின்னங்கள். அவர், தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்தைச் சுட்டி, ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, ஒண்டைச் சங்குக்குப் போட்டிட்டு இரண்டை வேற ஆளுக்குப் போட்டால், அது இரண்டு மனசு எண்டு ஆகாதோ?”

யாக்கோபின் நிருபம் இருமனமுள்ளவனைக் கண்டிப்பது அவருக்குத் தெரியும். தேர்தல் சட்டத்தில் ஒரு வாக்காளர் மூன்று விருப்புகள் வரை குறிக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க அவருக்கு உதவி தேவைப்பட்டது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் நடக்கவேண்டியது. அதற்கு முன், அவரைப் போன்றவர்கள் வீட்டிலோ, பங்கு மண்டபத்திலோ, சபையின் சிறு குழுவிலோ உட்கார்ந்து படிப்படியாகச் சிந்திக்கத்தக்க ஒரு வழிமுறையை இங்கே எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாக இது எழுதப்படவில்லை.

முதற்படி: எந்த அதிகாரத்தை ஒப்படைக்கிறீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

வேட்பாளரைப் பற்றிப் பேசுவதற்கு முன் பதவியைப் பற்றிப் பேசவேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு உருவாக்கிய நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதிப் பதவிக்கு 1982 தொடக்கம் 2024 வரை ஒன்பது தேர்தல்கள் நடந்திருக்கின்றன. இந்தப் பதவியை நீக்குவோம் என்ற வாக்குறுதி 1994 முதல் மேடைகளில் ஒலித்துவருகிறது. பதவி இன்னும் இருக்கிறது. 19ஆம் திருத்தம் 2015இல் அதன் அதிகாரத்தைக் குறைத்தது. 20ஆம் திருத்தம் 2020இல் மீண்டும் கூட்டியது. 21ஆம் திருத்தம் 2022இல் திரும்பவும் ஓரளவு குறைத்தது. அதிகாரத்தின் அளவு இவ்வாறு மாறினாலும் மூன்று விடயங்கள் எப்போதும் அந்த நாற்காலியைச் சுற்றியே இருந்துவந்துள்ளன.

ஒன்று, முப்படைகளின் தலைமை. பாதுகாப்பு அமைச்சையும் பெரும்பாலும் ஜனாதிபதியே வைத்திருப்பதால், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தடுத்துவைக்கும் உத்தரவில் விழும் கையெழுத்தும் அநேகமாக அவருடையதே. இரண்டு, மாகாண ஆளுநர்களின் நியமனம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் அம்மாகாணத்தின் பாடசாலை, வைத்தியசாலை, வீதி ஆகியவற்றைக் கவனித்தது மக்கள் தெரிவு செய்த சபையல்ல, ஜனாதிபதி நியமித்த ஆளுநரே என்பதை நாம் போதியளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று, மன்னிப்பு வழங்கும் அதிகாரம். இதைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் சற்று நின்று சிந்திக்கவேண்டும், ஏனெனில் மன்னிப்பு என்ற சொல் நமது வழிபாட்டின் மையத்தில் இருப்பது.

2000 டிசெம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், தங்கள் வீடுகளைப் பார்த்துவரச் சென்ற இடம்பெயர்ந்த தமிழர் எட்டுப் பேர், சிறுவர்கள் உட்பட, கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்த இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு, 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் இருந்த வேளையில், ஜனாதிபதி மன்னிப்பு வழங்கப்பட்டது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், பதவியிலிருந்து விலகவிருந்த வேறொரு ஜனாதிபதி, ரோயல் பார்க் அடுக்குமாடியில் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கின் குற்றவாளிக்கு மன்னிப்பு அளித்தார். 2024இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இழந்தவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், மேலிருந்து வழங்கப்படும் மன்னிப்பு சுவிசேஷம் சொல்லும் மன்னிப்பு ஆகுமா? என் மனத்தில் இதற்கு ஐயமில்லை, ஆகாது. ஆயினும் இந்தக் கேள்வியை வேட்பாளர்களிடம் திருச்சபைகள் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நாம் கேட்கவேண்டும்.

ஆகவே, ஒரு கொப்பித் தாளை எடுத்து இம்மூன்று தலைப்புகளையும் எழுதுங்கள்: படை, ஆளுநர், மன்னிப்பு. வேட்பாளரின் பெயரைப் பிறகு எழுதலாம்.

இரண்டாம் படி: வேட்பாளரின் சமயம் என்ற கேள்வியை ஒதுக்கிவையுங்கள்

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கிறிஸ்தவர்கள் இந்நாட்டு மக்களில் ஏழு சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மன்னாரில் மக்களின் பாதியளவினர் கத்தோலிக்கர். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையோரம் முழுவதும் ஆலயக் கோபுரங்கள்தான். இருந்தும் இதுவரை ஜனாதிபதியாக இருந்த அனைவரும் பௌத்தர்கள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை வழங்குகிறது. வெற்றிபெறக்கூடிய எந்த வேட்பாளரும் அதை மாற்றுவதாகச் சொல்லப்போவதில்லை.

இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஒருவகை விடுதலையாகவே காண்கிறேன். நம்மவரா என்ற கேள்விக்கு இடமே இல்லாதபோது, நீதியானவரா என்ற கேள்வியைக் கேட்க நேரம் கிடைக்கிறது. சமயத்தைப் பார்த்து வாக்களிக்காத மரபு நமது மண்ணிலேயே இருக்கிறது. தந்தை செல்வா என்று தமிழர் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கிறிஸ்தவர், காங்கேசன்துறையின் இந்து வாக்காளர்களே அவரைப் பல தடவைகள் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அந்த வாக்காளர்கள் அவருடைய செபமாலையையோ வேதப் புத்தகத்தையோ எண்ணிப் பார்த்து வாக்களிக்கவில்லை. அவர்கள் நமக்குக் காட்டிய பெருந்தன்மையை நாம் மற்றவர்களுக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒதுக்கிவைக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. தேர்தல் காலத்தில் மடுத் திருவிழாவுக்கு வருவதும், ஆயர் இல்லத்தில் படம் எடுத்துக்கொள்வதும், சபை மேடையில் முழங்காலிட்டுக் கரம் வைத்துச் செபிக்கச் சொல்வதும் வேட்பாளர்களின் வழக்கம். வருகிறவரை வரவேற்பது நமது பண்பாடு. செபிக்கக் கேட்பவருக்காகச் செபிப்பது நமது கடமை. ஆனால் அந்தப் படத்துக்கு உங்கள் தாளில் ஒரு வரிகூட இடம் கொடுக்கவேண்டாம்.

மூன்றாம் படி: அரசனுக்கான சட்டத்தை வைத்து அளந்து பாருங்கள்

சபைகளில் தேர்தல் வந்தால் ரோமர் 13ஆம் அதிகாரத்தை எடுப்பார்கள். அது ஏற்கெனவே ஆட்சியில் இருப்பவரைக் குடிமக்கள் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதைப் பற்றியது. யாரைத் தெரிவுசெய்வது என்பதைப் பற்றி அங்கே எதுவுமில்லை. தெரிவுசெய்யும் வேளைக்குரிய பகுதி வேறொன்று. உபாகமம் 17ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களை, கத்தோலிக்கர் இணைச்சட்டம் என்ற பெயரில் வாசிக்கும் அந்தப் பகுதியை, ஒரு மாலை முழுவதும் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். அரசன் குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவியரைப் பெருக்கக்கூடாது, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது, சட்டத்தின் பிரதியைத் தனக்கென எழுதிவைத்து நாள்தோறும் வாசிக்கவேண்டும், தன் சகோதரர்மேல் அவனுடைய இருதயம் உயரக்கூடாது. இந்த ஐந்தும் இலங்கை ஜனாதிபதிப் பதவிக்கு அப்படியே பொருந்துவதைக் கண்டு எனக்கு முதலில் வியப்பாக இருந்தது.

குதிரை என்பது அந்தக் காலத்துப் படை. போர் 2009இல் முடிந்தது. ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் படையினர் வசமிருந்த தனியார் காணிகள் முழுவதும் இன்னும் உரியவர்களிடம் வந்துசேரவில்லை. வேட்பாளர் காணி விடுவிப்பைப் பற்றிக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே வார்த்தையைச் சொல்கிறாரா, அல்லது இரண்டு மொழிகளில் இரண்டு செய்திகளா என்று பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் உங்கள் குழுவில் ஒருவராவது இருந்தால், தேர்தல் விஞ்ஞாபனத்தின் சிங்களப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் அருகருகே வைத்து ஒரே பகுதியை வாசித்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்து வேலைதான். ஆனால் அதில் தெரியவருவது மேடைப் பேச்சு எதிலும் தெரியவராது.

மனைவியர் என்ற சொல்லை இன்று அரசியல் கூட்டுகள் என்று வாசிக்கலாம், ஏனெனில் சாலொமோனின் திருமணங்கள் பல அயல்நாட்டு அரசர்களுடன் செய்த உடன்படிக்கைகள். வேட்பாளரோடு மேடையில் யார் நிற்கிறார்கள், எந்தக் குடும்பத்தினர், எந்த வெறுப்புப் பேச்சாளர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்ததும் பங்கு கேட்டு வருபவர்கள் அவர்கள்தான்.

வெள்ளியும் பொன்னும் இப்போது அளந்து பார்க்கக்கூடியவையாக ஆகியிருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்கீழ், 2024 தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற கணக்கில் மட்டுமே செலவிடலாம் என்று வரையறுக்கப்பட்டது. ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சம் வாக்காளர்களுக்கு அது ஏறத்தாழ 187 கோடி ரூபாய். தேர்தலுக்குப் பின் செலவுக் கணக்கையும் ஒப்படைக்கவேண்டும். வேட்பாளர்களின் சொத்து, பொறுப்பு விவரங்களும் இணையத்தில் வெளியிடப்பட்டன. அவற்றைப் பதிவிறக்கி வாசியுங்கள். முப்பது ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்தவரின் கையில் இருக்கும் சொத்து அவருடைய சம்பளத்துக்கு ஏற்றதா என்று கேட்க நீங்கள் கணக்காளராக இருக்கவேண்டியதில்லை. காணிக்கைக் கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் நமக்கு அது புதிய வேலையும் அல்ல.

சட்டத்தின் பிரதி என்ற நான்காவது அளவுகோலே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுகிறது. அரசன் சட்டத்துக்கு மேலானவன் அல்லன் என்பது அக்காலத்து உலகில் அரிதான போதனை. 2018 ஒக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கினார். இரண்டு வாரங்களில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசெம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த ஏழு வாரங்களில் எந்த அரசியல்வாதி என்ன சொன்னார் என்பது பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. தீர்ப்பு தமக்கு எதிராக வந்த நாளில் ஒருவர் நடந்துகொண்ட விதம், அவர் எழுதிவைத்த விஞ்ஞாபனத்தைவிட நம்பத்தக்க சான்று.

கடைசியாக உயர்ந்த இருதயம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே முடிவில் தடைசெய்யப்பட்டது. விவசாயிகளும் மண்ணியல் அறிஞர்களும் எடுத்துச் சொன்னவை செவியேறவில்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தபின், அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாடு கடனைச் செலுத்த இயலாமல் நின்றது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன, எனினும் ஆலோசனை கேளாத மனமும் அவற்றில் ஒன்று. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு கிறிஸ்தவத் தாய், தன் கூடையின் நிறை குறைந்ததில் அந்த முடிவின் விளைவைக் கண்டிருப்பார். வேட்பாளர் தாம் தவறு செய்ததாக எப்போதாவது பொதுவெளியில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: ஆலயத்துக்கு வெளியே நிற்பவருக்கு என்ன நேரும் என்று கேளுங்கள்

நமது பாதுகாப்பைப் பற்றி நாம் கேட்பது நியாயமானதே. 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்த மதமாற்றத் தடைச் சட்டமூலமும், புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டின் சுற்றறிக்கையும் நமக்குப் பழக்கமானவை. அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிச் சிறு சபைகளின் ஆராதனைகள் பல கிராமங்களில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் 10ஆம் உறுப்புரை தரும் உரிமையை வேட்பாளர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. பெரிய பேராலயங்களில் வழிபடும் நாம், தகரக் கொட்டகையில் கூடும் சிறு சபைகளுக்காகவும் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும். கத்தோலிக்கர் பலர் அதைத் தங்கள் பிரச்சினையாகக் கருதாதது எனக்கு வருத்தம் தருகிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று விடுதிகள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அந்தக் காயத்தோடு அவ்வாண்டு நவம்பர் 16 அன்று நாம் வாக்களிக்கச் சென்றோம். பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல் அந்தத் தேர்தலை ஆட்கொண்டது. தாக்குதலுக்குப் பின் பழிவாங்கவேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டார். அப்படியிருந்தும் மே மாதத்தில் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பயந்தவரின் வாக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அதன்பின் வந்த ஆண்டுகளில் கண்டோம். 2020இல், கொரோனாவால் இறந்தவர்கள் அனைவரும் எரிக்கப்படவேண்டும் என்ற உத்தரவு வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், பிறந்து சில வாரங்களே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுகிற நமக்கு, அடக்கம் மறுக்கப்படுவது எத்தகைய துயரம் என்று எவரும் விளக்கவேண்டியதில்லை.

நல்ல சமாரியன் உவமையில் காயப்பட்டுக் கிடந்தவனின் சமயம் என்னவென்று இயேசு சொல்லவில்லை. உங்கள் தாளில் இப்போது புதிய தலைப்புகளை எழுதுங்கள்: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழும் தொழிலாளர், முஸ்லிம் அயலவர், அதிகாரம் இல்லாத சிங்களக் கிராமத்தவர். ஒவ்வொருவருக்கும் நேராக, இவருடைய ஆட்சியில் அவர் நிலை மேம்படுமா, மோசமாகுமா என்று ஒரு வரி எழுதுங்கள். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களை வைத்தே கேட்டார். அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் கத்தோலிக்கர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கான நீதியைப் பற்றி வேட்பாளர்கள் எல்லோருமே வாக்குறுதி தருவார்கள். பொதுவான வாக்குறுதியை ஏற்கவேண்டாம். 2023 சனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று உத்தரவிட்டது. அறிந்தும் அசட்டையாக இருந்தவரையே பொறுப்பாளி ஆக்கிய தீர்ப்பு அது. விசாரணை யாரிடம் ஒப்படைக்கப்படும், எத்தனை மாதங்களில், தாக்குதலை விசாரித்த ஆணைக்குழு அறிக்கையின் எந்தப் பகுதிகள் வெளிவரும் என்று கேளுங்கள். முள்ளிவாய்க்காலுக்கும் இதே கேள்விகளைக் கேட்கத் துணியாத வேட்பாளர் கட்டுவாப்பிட்டிக்கு நீதி தருவார் என்று என்னால் நம்ப இயலவில்லை.

ஐந்தாம் படி: யாருடைய குரலுக்கு எவ்வளவு எடை

கத்தோலிக்க ஆயர் பேரவை தேர்தல்களுக்கு முன் அறிக்கை வெளியிடுவது வழக்கம். அதில் வேட்பாளரின் பெயர் இராது, அளவுகோல்கள் இருக்கும். பத்திரிகைத் தலைப்போடு நிறுத்தாமல் முழுவதையும் வாசியுங்கள். குருக்கள் அரசியல் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதையும், ஆட்சி அதிகாரமுள்ள பதவிகளை ஏற்பதையும் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பங்குத்தந்தை மறையுரையில் ஒரு சின்னத்தைச் சுட்டினால், அதைத் திருச்சபையின் போதனையாக அல்லாமல் ஒரு குடிமகனின் கருத்தாக எடுத்துக்கொள்ள உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று ஒரு போதகர் பயமுறுத்தினால், அது வேறு விடயம்: ஆன்மீகத் தீங்கைக் காட்டி வாக்காளரை நெருக்குவதைத் தேர்தல் சட்டமும் முறையற்ற செல்வாக்காகவே கருதுகிறது.

அடுத்த ஜனாதிபதி இன்னார்தான் என்று கர்த்தர் வெளிப்படுத்தினார் என்கிற காணொளிகள் ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் சுற்றிவருகின்றன. உபாகமம் 17க்கு அடுத்த அதிகாரமே இதற்கு விடை தருகிறது. சொன்னது நிறைவேறாவிட்டால் அந்தத் தீர்க்கதரிசி துணிகரத்தினால் பேசினான் என்று பொருள், அவனுக்குப் பயப்படவேண்டாம். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். சொன்னது நிறைவேறினாலும், யார் வெல்வார் என்பதற்கும் யாரைத் தெரிவுசெய்வது சரி என்பதற்கும் தொடர்பில்லை. பரபாசுக்கும் அன்று கூட்டத்தின் ஆதரவு இருந்தது.

அமெரிக்கப் பிரசங்கிகளின் காணொளிகளைப் பற்றி ஒரு சொல். அவர்களுடைய தேர்தலில் கருக்கலைப்பு மையக் கேள்வி. நமது தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி அதை அனுமதிப்பதில்லை; 2017இல் அமைச்சரவையில் எழுந்த தளர்வு யோசனையும் நடைமுறைக்கு வரவில்லை. பிறவாத குழந்தையின் உயிரைக் குறித்து நமக்குள்ள அக்கறை குறையவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே அக்கறையோடு, 1976க்குப் பின் நிறைவேற்றப்படாத தூக்குத் தண்டனையை 2019இல் ஒரு ஜனாதிபதி மீட்க முயன்றபோது எத்தனை சபைகள் குரல் எழுப்பின என்றும் எண்ணிப் பார்ப்போம்.

ஆறாம் படி: வாக்குச்சீட்டின் மூன்று இலக்கங்கள்

இங்கேதான் அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நமது முறையில், முதல் விருப்புக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3 என்று எழுதலாம். ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதென்றால் 1 என்றோ புள்ளடியோ (X) இடலாம். புள்ளடியையும் இலக்கங்களையும் கலக்கவேண்டாம். 1 இல்லாமல் 2ஐயோ 3ஐயோ மட்டும் எழுதினால் வாக்கு நிராகரிக்கப்படும். எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இரண்டு இடங்களில் உள்ளவர்கள் தவிர ஏனையோர் விலக்கப்படுவர். விலக்கப்பட்டவருக்கு 1 இட்ட சீட்டு அப்போது மீண்டும் எடுக்கப்பட்டு, அதில் 2, அது உதவாவிட்டால் 3, எஞ்சியுள்ள இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேரும். 1க்குரியவர் முதல் இருவரில் ஒருவராக இருந்தால் உங்கள் 2 எண்ணப்படுவதேயில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த அந்த இரண்டாம் எண்ணிக்கை 2024இல் முதன்முறையாக நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும், சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றிருந்தனர். மற்றவர்களுக்கு விழுந்தவை 33 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 13 இலட்சத்துக்கும் குறைவு. அந்த 33 இலட்சம் சீட்டுகளில் இருவரில் ஒருவருக்கு விருப்பாகச் சேர்ந்தவை 2,73,131 மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் பாக்கியசெல்வம் அரியநேத்திரனுக்கு 2,26,343 பேர் வாக்களித்தனர். அவர்களில் எத்தனை பேர், 2 என்ற இலக்கத்தை எழுதினால் தங்கள் முதல் வாக்கின் உறுதி கெட்டுவிடும் என்று அஞ்சினார்களோ என்று அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எண்ணுகிறேன்.

அம்மா, அது இரண்டு மனசு ஆகாது. உங்கள் மக்களுடைய துயரத்துக்குச் சாட்சியாக ஒருவருக்கு 1 இடுகிறீர்கள். அவர் வெல்லாவிட்டால், வெல்லப்போகும் இருவரில் உங்கள் அயலாருக்குக் குறைந்த தீங்கு செய்பவர் யார் என்பதற்கு 2 இடுகிறீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே மனச்சாட்சிதான். 2 இட்டவரின் எல்லாக் கொள்கைகளுக்கும் நீங்கள் உடன்பட்டதாக அது பொருள்படாது. வெல்லக்கூடியவரில் ஒருவரையே மனமார ஏற்கிறீர்கள் என்றால், அவருக்கு 1 இட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

வாக்களிக்காமல் இருப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் எல்லாரும் ஒன்றுதான் என்ற பேச்சு நம்மிடையே பலமாக இருக்கிறது. 2005 நவம்பரில் விடுதலைப் புலிகள் திணித்த புறக்கணிப்பின்போது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 சதவீதத்தினர். நாடளாவிய வெற்றி வித்தியாசம் 1,80,786 வாக்குகள். அந்த வாக்களிப்பு நடந்திருந்தால் பின்னைய வரலாறு எப்படி மாறியிருக்கும் என்று நான் ஊகிக்கப்போவதில்லை; ஆனால் மௌனமும் எண்ணப்படுகிறது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் யோதாம் சொன்ன கதையில், ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தத்தம் வேலையைக் காரணம் காட்டி விலகிக்கொண்டன, முட்செடி ஒப்புக்கொண்டது. இருந்தும், எந்த வேட்பாளருக்கும் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை என்று செபித்துத் தீர்மானித்த ஒருவரை நான் பாவியென்று சொல்லமாட்டேன். சோம்பலையும் மனச்சாட்சியையும் அவர் தம்முள் பிரித்தறிந்திருந்தால் போதும்.

ஏழாம் படி: வாக்களித்த பின்

உங்கள் சபையில் மாற்றுச் சின்னத்துக்கு வாக்களித்தவர் இருப்பார். நீர்கொழும்பின் சிங்களக் கத்தோலிக்கரும் மன்னாரின் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, பலமுறை எதிரெதிர் வேட்பாளர்களுக்கு வாக்களித்திருக்கிறார்கள். முடிவு வந்த மறுநாள் ஞாயிறாக இருந்தால், சமாதானம் கூறும் வேளையில் அவர் கையை முதலில் பற்றுங்கள்.

புதிய ஜனாதிபதி யாராக இருந்தாலும், எரேமியா 29ஆம் அதிகாரம் சிறைப்பட்ட மக்களுக்குச் சொன்னபடி, அந்த நகரத்தின் சமாதானத்துக்காகச் செபியுங்கள். பிறகு, நீங்கள் எழுதிய தாளை எறியவேண்டாம். படை, ஆளுநர், மன்னிப்பு, அயலார் என்ற தலைப்புகளோடு அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 21 அன்று எடுத்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். நடக்காததைப் பற்றி, குழுவாகக் கையெழுத்திட்டு, ஜனாதிபதி செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் அதே தாளோடு இணைத்து வையுங்கள்.